1,500 வெள்ளி மானிட்டரில் ஒரு பச்சைப் புள்ளி: பேனல் தரக் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது?

சிங்கப்பூரில் 1,500 வெள்ளி கொடுத்து வாங்கிய கேமிங் மானிட்டரில், திரை கறுப்பாகும் போதெல்லாம் ஓர் ஓரத்தில் பச்சையாக ஒரு புள்ளி அணையாமல் நிற்கிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "இது ஸ்பெக்குக்குள்ளதான் வருது, மாத்தித் தர முடியாது" என்கிறார்கள். கேட்பவருக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? இவ்வளவு விலைக்கு விற்கும் பொருளை ஒருமுறை போட்டுப் பார்க்காமலா அனுப்பினார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பெரும்பாலும் போட்டுப் பார்த்துத்தான் அனுப்பியிருப்பார்கள். அந்தப் புள்ளி அவர்கள் முன்கூட்டியே வகுத்துவைத்த எல்லைக்குள் இருந்ததால் பாஸ் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

இந்த எல்லை என்கிற விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும், அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

மானிட்டரின் முகப்பில் எந்த பிராண்டின் பெயர் இருந்தாலும் சரி, உள்ளே இருந்து படத்தைக் காட்டும் பலகையான பேனலைச் செய்வது விரல் விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்கள்தான். தென்கொரியாவில் எல்ஜி டிஸ்ப்ளேயும் சாம்சங் டிஸ்ப்ளேயும், தைவானில் ஏயூஓவும் இன்னோலக்ஸும், சீனாவில் பிஓஇயும் டிசிஎல் குழுமத்தின் சிஎஸ்ஓடியும். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓலெட் வகைக் கேமிங் மானிட்டர்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது முதலில் சொன்ன அந்த இரண்டு கொரிய நிறுவனங்களின் பேனல். பிராண்டுகள் பேனலை வாங்கி, அதற்கு மின்சுற்று, சட்டம், ஸ்டாண்ட், மானிட்டரை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர், வாரண்டி எல்லாம் சேர்த்து விற்கின்றன. ஆகவே மூன்று வெவ்வேறு பிராண்டுகளின் மானிட்டர்களுக்குள் ஒரே பேனல் இருப்பது மிகச் சாதாரணம், அந்தப் பேனலுக்கே உரிய குறையும் மூன்றிலும் இருக்கும்.

பேனல் எப்படிப் பிறக்கிறது? முதலில் ஒரு பெரிய கண்ணாடித் தகடு. 8.5ஆம் தலைமுறைத் தொழிற்சாலை என்றால் அந்தத் தகடு 2,200 மில்லிமீட்டருக்கு 2,500 மில்லிமீட்டர், அதாவது வீட்டுக் கதவு ஒன்றைவிடப் பெரியது. அதன்மேல் மிக மெல்லிய படலங்களாக டிரான்சிஸ்டர்களைப் பதித்து, பிறகு மானிட்டர் அளவுக்கு வெட்டுகிறார்கள். 4கே திரை ஒன்றில் 3,840 பெருக்கல் 2,160, ஏறத்தாழ 8.3 மில்லியன் பிக்சல்கள். பின்னாலிருக்கும் விளக்கின் ஒளியில் படம் காட்டும் எல்சிடியில் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்சல்கள், ஆக மொத்தம் கிட்டத்தட்ட 24.9 மில்லியன். 32 இன்ச் 4கே திரையில் ஒரு பிக்சலின் அகலம் 0.18 மில்லிமீட்டர்தான் வரும், துணைப் பிக்சல் அதிலும் மூன்றில் ஒரு பங்கு. உற்பத்தியின்போது தவறான இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி உட்கார்ந்தால் போதும், அந்தத் துணைப் பிக்சலின் கதை முடிந்தது.

24.9 மில்லியனும் ஒன்றுகூடப் பழுதில்லாமல் வேலை செய்யும் பேனலைத் தயாரிக்கவே முடியாது என்றில்லை. முடியும், நிறையவே வருகின்றன. ஆனால் அப்படி வருபவற்றை மட்டும்தான் விற்போம் என்றால் வெட்டிய மற்ற பேனல்களை என்ன செய்வது? அவற்றின் செலவும் சேர்ந்து விலை ஏறிவிடும். அதனால், தேக்கா சந்தையில் ஒரே கூடையில் வந்த மாம்பழங்களைப் பார்த்துப் பார்த்து முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று தனித்தனியாக அடுக்குவதைப் போல, பேனல்களையும் தரம் பிரிக்கிறார்கள். எத்தனை புள்ளிவரை போகலாம், திரையின் எந்தப் பகுதியில் இருக்கலாம், இரண்டு புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கலாம் என்பதெல்லாம் பேனல் செய்பவரும் பிராண்டும் தங்களுக்குள் பேசி முடிவு செய்வது. தரக் கட்டுப்பாடு என்றால் குறையே இல்லாமல் பார்த்துக்கொள்வது என்று நாம் நினைக்கிறோம். தொழிற்சாலையில் நடப்பது, ஒப்புக்கொண்ட எல்லையைத் தாண்டிய குறையைப் பிடித்து ஒதுக்குவது.

இதற்கு உலகத் தரநிலையும் உண்டு. 2001இல் ஐஎஸ்ஓ 13406-2 வந்தது, பிறகு 2008இல் அதன் இடத்துக்கு ஐஎஸ்ஓ 9241-307 வந்தது. பழைய தரநிலையில் மானிட்டர் நிறுவனங்கள் பெரும்பாலும் பின்பற்றிய இரண்டாம் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லியன் பிக்சலுக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் பிக்சல் 2, எப்போதும் இருண்டே இருக்கும் பிக்சல் 2, பழுதான துணைப் பிக்சல் 5 வரை இருக்கலாம். ஃபுல் எச்டி திரைக்கு இந்தக் கணக்கைப் போட்டால் எரியும் புள்ளி 4. அதே கணக்கை 4கே திரைக்குப் போட்டால் 16. விதி மாறவில்லை, பிக்சல் கூடியதால் அனுமதியும் கூடிவிடுகிறது. இன்று நல்ல பிராண்டுகள் இதைவிட இறுக்கமான விதிகளைத் தாங்களே வைத்திருக்கின்றன, குறிப்பாக எரியும் புள்ளிக்கு. இருட்டில் ஒளிரும் புள்ளி கண்ணை உறுத்தும் அளவுக்கு வெளிச்சத்தில் இருக்கும் கறுப்புப் புள்ளி உறுத்தாது என்பதால் இரண்டுக்கும் வெவ்வேறு கணக்கு. உதாரணமாக, டெல் தன் உயர்ரக மானிட்டர்களுக்கு பிரீமியம் பேனல் எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரில், வாரண்டிக் காலத்தில் ஒரே ஓர் எரியும் பிக்சல் தெரிந்தாலும் மாற்றித் தருவதாக அறிவித்திருக்கிறது. எல்லாரும் அப்படி இல்லை. வாங்க நினைக்கும் மாடலின் பிக்சல் பாலிசியை, பணம் கட்டுவதற்கு முன்பே பிராண்டின் இணையத்தளத்தில் தேடிப் படித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் விலையையும், திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற ரெஃப்ரெஷ் ரேட்டையும் வாரக்கணக்கில் ஒப்பிடுபவர்கள்கூட இதைப் பார்ப்பதில்லை, எனக்கு அதுதான் ஆற்றாமை.

பிக்சலாவது எண்ணிவிடக்கூடியது. ஓரத்தில் வெளிச்சம் கசிவது, சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரிவது, இருண்ட காட்சியில் படம் துடிப்பது போன்றவற்றுக்கு வாரண்டிக் காகிதத்தில் பெரும்பாலும் எண்ணே இருக்காது. அதனால் வாடிக்கையாளருக்கும் சேவை மையத்துக்கும் வாக்குவாதம் வருவதெல்லாம் அநேகமாக இங்கேதான்.

சரி, விலை குறைந்த அலுவலக மானிட்டரை வாங்கியவர்கள் இவ்வளவு புலம்புவதில்லையே, விலை கூடக்கூடக் குறைகளும் கூடுவது ஏன்? நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் கூடுதல் சோதனைக்குப் போகிறது என்று நினைப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அந்தப் பணம் வேகத்துக்கும் பிரகாசத்துக்கும் வளைவுக்கும் போகிறது, அவை ஒவ்வொன்றும் பழுது வருவதற்குப் புதிய வழி ஒன்றைத் திறந்துவிடுகிறது. 240 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 240 முறை புதுப்பிப்பது என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 4.17 மில்லி விநாடி. 60 ஹெர்ட்ஸ் திரையில் கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும் சிறிய மின்னழுத்தப் பிசிறு இங்கே பட்டெனத் தெரியும். வளைந்த திரை என்றால் பேனலை வளைத்துச் சட்டத்துக்குள் பிடித்துவைக்க வேண்டும், அந்த இறுக்கத்தால் மூலைகளில் ஒளிக்கசிவு வரலாம். மினி எல்இடி என்றால் பின்னால் நூற்றுக்கணக்கான ஒளி மண்டலங்கள், அவற்றை இயக்க ஓர் அல்காரிதம், அந்த அல்காரிதத்தை அவசர அவசரமாக எழுதி அனுப்பிவிட்டுப் பிறகு ஃபர்ம்வேர் அப்டேட் விடும் பழக்கம். இதற்கெல்லாம் மேலே, உயர்ரக மானிட்டர் பெரும்பாலும் புதிய தொழில்நுட்பத்தின் முதல் தலைமுறை. அதில் என்ன கோளாறு வரும் என்பது பல வீடுகளில் ஓடிய பிறகுதான் தெரியவரும்.

இன்னொன்றும் உண்டு. இந்த மானிட்டரை வாங்குபவர் இருட்டறையில், அறுபது எழுபது சென்டிமீட்டர் தூரத்தில் உட்கார்ந்து, கறுப்புக் காட்சிகள் நிறைந்த விளையாட்டை மணிக்கணக்கில் பார்ப்பவர். ஸ்ப்ரெட்ஷீட் பார்ப்பவருக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போகும் ஒன்று இவருக்கு முதல் நாள் இரவிலேயே தெரிந்துவிடும்.

எது பழுது, எது அந்தப் பேனல் வகையின் இயல்பு என்று பிரித்துப் பார்ப்பதுதான் புதியவர்களுக்கு மிகவும் கடினமாக இருக்கிறது. செங்காங்கில் இருக்கும் என் அக்கா மகன், வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஐபிஎஸ் என்ற எல்சிடி வகையில் 27 இன்ச் மானிட்டர் ஒன்று வாங்கினான். அன்று இரவு பதினொரு மணிக்கு மேல் போன் வந்தது.

"மாமா, ரூம் லைட்ட அணைச்சா கீழ் மூலை ரெண்டுலயும் மஞ்சளா வெளிச்சம் அடிக்குது. டிஃபெக்ட்டா, இல்ல எல்லாத்துலயும் இப்படித்தானா?"

"நாற்காலிய விட்டு எந்திரி. ரெண்டு எட்டு பின்னால போய் நின்னு பாரு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "இடது பக்கம் போயிருச்சு மாமா. வலது பக்கம் கொஞ்சம் குறைஞ்சாலும் ஓரத்துல அப்படியே நிக்குது."

அவன் சொன்னதில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. இடது மூலையில் தெரிந்தது ஐபிஎஸ் குளோ. ஐபிஎஸ் பேனலைச் சாய்வாகப் பார்க்கும்போது கறுப்பு முழுக் கறுப்பாக இருக்காது, லேசாக மின்னும். கிட்டத்தில் உட்கார்ந்தால் திரையின் மூலைகளை நாம் சாய்வாகத்தான் பார்க்கிறோம். தள்ளிப்போனால் கோணம் நேராகிவிடும், மினுமினுப்பும் அடங்கிவிடும். மாற்றிக் கேட்டாலும் அடுத்த மானிட்டரிலும் அது இருக்கும். வலது ஓரத்தில் நகராமல் நின்றது பேக்லைட் கசிவு. பின்னாலிருக்கும் விளக்கின் வெளிச்சம், பேனல் சட்டத்தோடு சரியாகப் பொருந்தாத இடத்தில் வெளியே வழிகிறது. எங்கிருந்து பார்த்தாலும் அது அதே இடத்தில் நிற்கும்; அவன் தள்ளிப்போனபோது அங்கே குறைந்தது அதோடு கலந்திருந்த குளோ மட்டும்தான். இது பொருத்தும்போதோ, பெட்டியில் அடிபட்டதாலோ வரும் குறை, மானிட்டருக்கு மானிட்டர் வேறுபடும், மாற்றிக் கேட்க நியாயம் உண்டு.

மறுநாள் அவன் படம் எடுத்து அனுப்பினான். அதில் திரை முழுக்கத் தீப்பிடித்த மாதிரி இருந்தது. இருட்டில் போன் கேமரா தானாகவே எக்ஸ்போஷரை ஏற்றிவிடும், அதனால் இல்லாத கசிவெல்லாம் படத்தில் தெரியும். கடைக்காரர்களுக்கும் இது தெரியும், அப்படிப்பட்ட படத்தைக் காட்டினால் நம்ப மாட்டார்கள். திரையில் ஒரு வெள்ளைச் சதுரத்தைப் போட்டு, அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, கசிவு கண்ணுக்குத் தெரியும் அளவிலேயே படத்திலும் வரும்வரை எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைத்து எடுக்கச் சொன்னேன். அந்தப் படத்தையும், தள்ளி நின்று எடுத்த வீடியோவையும் காட்டிய பிறகு கடையில் பேச்சு வளராமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

புள்ளிகளுக்கு வருவோம். ஐபிஎஸ், இன்னொரு எல்சிடி வகையான விஏ இரண்டுமே மின்சாரம் வராவிட்டால் இருண்டிருக்கும் வகை, ஆகவே டிரான்சிஸ்டர் செத்துப்போன பிக்சல் கறுப்பாகத் தெரியும், அது திரும்ப உயிர் பெறாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே நிறத்தில் மாட்டிக்கொண்டு நிற்பது ஸ்டக் பிக்சல். நிறங்களை வேகவேகமாக மாற்றிக் காட்டும் செயலியை அந்த இடத்தில் சில மணி நேரம் ஓடவிட்டால் சில சமயம் சரியாகிவிடும். விரலால் அழுத்தித் தேய்த்தால் சரியாகும் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், ஒரு புள்ளி பத்தாகும், அதோடு வாரண்டியும் போகும். ஓலெட்டில் மேற்பரப்பை அழுத்தவே கூடாது. மூன்றாவதாக ஒன்று: விளிம்பு மங்கலாக, பிக்சலைவிடப் பெரிதாக, ஒழுங்கற்ற வடிவத்தில் ஒரு கறை தெரிந்தால் அது அநேகமாகப் படலங்களுக்கு இடையில் மாட்டிய தூசி. அதற்கு பிக்சல் பாலிசி பொருந்தாது என்று வாதாடலாம், வாதாட வேண்டும்.

அடுத்தது படம் துடிப்பது. விளையாட்டின் ஃபிரேம் ரேட் ஏறி இறங்கும்போது மானிட்டரின் ரெஃப்ரெஷ் ரேட்டும் கூடவே ஏறி இறங்குவதைத்தான் விஆர்ஆர் என்கிறோம், என்விடியா 2013இல் ஜி-சிங்க் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது இதைத்தான். ஓலெட்டிலும் விஏவிலும் இருண்ட நிறங்களின் பிரகாசம் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பொறுத்து மிகச் சிறிதளவு மாறும். மானிட்டரை ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குத்தான் அளந்து சீர்செய்திருப்பார்கள், வேகம் சட்டென்று 200இலிருந்து 60க்கு விழுந்தால் அந்த வித்தியாசம் துடிப்பாகத் தெரிகிறது. லோடிங் திரையில் இது மிக மோசமாக இருக்கும், ஏனென்றால் அங்கேதான் ஃபிரேம் ரேட் தாறுமாறாகக் குதிக்கும். இது இந்தத் தொழில்நுட்பங்களில் பொதுவாக இருப்பது, மாற்றிக் கேட்டுப் பயனில்லை. விளையாட்டின் ஃபிரேம் ரேட்டுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து நிலையாக ஓடவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் விஆர்ஆரை அணைத்த பிறகும் டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போதே துடித்தால், அது வேறு கோளாறு.

விஏ பேனலில் இருட்டில் நகரும் பொருளின் பின்னால் கறுப்பு வால் இழுப்பதும் இயல்புதான். மினி எல்இடியில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதும் அப்படியே. 1,152 மண்டலங்கள் என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருப்பார்கள், ஆனால் 4கே திரையை அத்தனை மண்டலங்களாகப் பிரித்தால் ஒரு மண்டலத்துக்கு 7,200 பிக்சல் வருகிறது, அவ்வளவுக்கும் சேர்த்து ஒரே பிரகாசம், பிறகு வெளிச்சம் வழியாமல் எப்படி இருக்கும்? ஓலெட்டின் ஒரு வகையான க்யூடி-ஓலெட்டில் எழுத்துகளின் விளிம்பில் லேசாக நிறம் தெரிந்தால், அங்கே துணைப் பிக்சல்கள் வரிசையாக இல்லாமல் முக்கோணமாக அடுக்கப்பட்டிருப்பதுதான் காரணம். ஒரு மண்டலம் மட்டும் அணைந்தே கிடந்தால், அல்லது எரிந்தே கிடந்தால், அது பழுது.

ஓலெட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது நம் பையன்கள் எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள். பேக்லைட் இல்லை, ஆகவே கசிவும் இல்லை. அதற்குப் பதிலாக, மிக இருண்ட சாம்பல் நிறத்தில், 5 விழுக்காட்டு அளவில், செங்குத்தாகக் கோடுகள் தெரியலாம். புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் தெரியும் கோடுகள் சில நாள் உபயோகத்தில் மங்குவதுண்டு. சில மணி நேரம் பயன்படுத்திய பிறகு, ஸ்டேண்ட்பையில் இருக்கும்போது மானிட்டர் தானாகவே ஒரு சீர்செய்யும் சுற்றை ஓட்டிக்கொள்ளும். நம் வீடுகளில் தூங்கப் போகும்முன் சுவர் சுவிட்சை அணைப்பது ஒரு பழக்கம், அம்மாக்கள் ஒன்றுவிடாமல் அணைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். ஓலெட் மானிட்டர் இருக்கும் சுவிட்சை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். அந்தச் சுற்று ஓட மின்சாரம் வேண்டும். நாள்கணக்கில் ஓடாமல் போனால் கோடுகளும் போகாது, படப்பதிவு நிலைத்துவிடும் பர்ன்-இன் ஆபத்தும் கூடும். பர்ன்-இன்னையும் சேர்த்து மூன்றாண்டு வாரண்டி தரும் மாடல்கள் இருக்கின்றன, ஓலெட் வாங்குவதாக இருந்தால் அது எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

மானிட்டரைக் குற்றம் சொல்வதற்கு முன் கேபிளைச் சந்தேகப்படுங்கள். திடீரென்று ஒரு விநாடி கறுப்பாகித் திரும்புவது, தீப்பொறி போலப் புள்ளிகள் சிதறுவது, 240 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுக்க முடியாமல் போவது, இவற்றில் பல கேபிளால் வருபவை. 4கே, 240 ஹெர்ட்ஸ், 10 பிட் நிறம் என்றால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 60 கிகாபிட் தகவல். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 இணைப்பு சுமக்கக்கூடியது 25.92 கிகாபிட், எச்டிஎம்ஐ 2.1 என்றாலும் உச்சம் 48தான். அதனால் டிஎஸ்சி என்ற முறையில் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள், கேபிள் தன் எல்லை வரைக்கும் வேலை செய்கிறது. பெட்டியில் வந்த கேபிளையே முதலில் போட்டுப் பாருங்கள். வெளியே வாங்கினால் எச்டிஎம்ஐக்கு அல்ட்ரா ஹை ஸ்பீட் என்ற சான்று லேபிளும், டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு வெசா அமைப்பின் சான்றும் இருக்கிறதா என்று பார்த்து, முடிந்தவரை குட்டையான கேபிளாக வாங்குங்கள். கேபிளை மாற்றியும் போகவில்லை என்றால் ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா பாருங்கள், அதற்கும் மசியாவிட்டால் மானிட்டர்தான்.

வாங்கிய முதல் வாரம் முக்கியம். கடைகள் பல, பழுது என்றால் புதிதாகவே மாற்றித் தரும் ஒன்-டு-ஒன் எக்ஸ்சேஞ்சை முதல் ஏழு நாளோ பதினான்கு நாளோதான் வைத்திருக்கின்றன, அது கடைக்குக் கடை மாறும், ரசீதில் இருக்கும். அந்தக் கெடு முடிந்தால் பழுதுபார்க்க அனுப்புவார்கள், வாரக்கணக்கில் ஆகும். ஆகவே மானிட்டர் வந்த அன்றே கண்ணாடியில் விரிசல், மூலையில் நசுங்கல் இருக்கிறதா பாருங்கள். பிறகு அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக விடுங்கள், குளிர்ந்த திரையில் தெரியும் சில திட்டுகள் சூடான பிறகு மாறும். இரவில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, முழுக் கறுப்பு, முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், பாதிச் சாம்பல், 5 விழுக்காட்டுச் சாம்பல் என்று ஒவ்வொன்றாக முழுத்திரையில் போட்டுப் பாருங்கள். நகரும் படத்துக்கு பிளர் பஸ்டர்ஸின் டெஸ்ட்யூஎஃப்ஓ தளம் இருக்கிறது, இலவசம். கண்ணைத் திரையில் ஒட்டிவைத்துத் தேடாதீர்கள், எப்போதும் உட்காரும் தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்தத் தூரத்தில் தெரியாத குறையை மறந்துவிடலாம். தெரிந்தால், அது நடுத்திரையிலா ஓரத்திலா, விளையாடும்போது கண் அங்கே போகிறதா என்பதை ஓரிரு நாள் விளையாடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பெட்டியையும் உள்ளே வந்த நுரைப் பஞ்சையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் 32 இன்ச் பெட்டிக்கு இடம் தேடுவது பெரும்பாடு என்பது தெரியும், வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டர் அறையில் அரிசி மூட்டைக்கும் சூட்கேஸுக்கும் நடுவில் செருகியாவது எக்ஸ்சேஞ்ச் கெடு முடியும்வரை வைத்திருங்கள். பெட்டி இல்லாமல் வாங்க மாட்டோம் என்று சொல்லும் கடைகள் உண்டு.

வாங்கும்போது லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா என்று கேளுங்கள். வேறு நாட்டுச் சந்தைக்கானதை இங்கே கொண்டுவந்து விற்கும் எக்ஸ்போர்ட் செட் நூறு இருநூறு வெள்ளி குறைவாகக் கிடைக்கலாம், ஆனால் பிராண்டின் உள்ளூர்ச் சேவை மையம் அதை ஏற்காமல் போகலாம், வாரண்டி அந்தக் கடையின் வாரண்டியாக மட்டுமே இருக்கும். குறை வரும் வாய்ப்பு இவ்வளவு உள்ள பொருளுக்கு அந்த இருநூறு வெள்ளியை மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைக்காரர் "பிராண்டைப் போய்க் கேளுங்கள்" என்று கைகழுவினால், பழுதான பொருளை வாங்கியவரைக் காக்கும் சிங்கப்பூரின் லெமன் லாவை நினைவுபடுத்துங்கள். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் இந்தச் சட்டத்தின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், கொடுக்கும்போதே அந்தப் பழுது இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவரின் பொறுப்பு, பிராண்டின் பொறுப்பு அல்ல. பழுதுபார்த்தோ மாற்றியோ கொடுக்க வேண்டும், அது நியாயமான காலத்தில் முடியாவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லியோ பணத்தைத் திருப்பித் தரச் சொல்லியோ கேட்கலாம். பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இது உதவாது. பேனல் வகையின் இயல்பை, அல்லது பாலிசி அனுமதிக்கும் ஒரு கறுப்புப் புள்ளியைப் பழுது என்று நிலைநாட்டுவதும் எளிதல்ல. கரோசெல் இணையச் சந்தையில் தனிநபரிடம் வாங்கியதற்கும் இது பொருந்தாது. அங்கே வாங்குவதாக இருந்தால் விற்பவர் வீட்டிலேயே சாம்பல் திரையைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

பேசிப் பார்த்தும் பலிக்காவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போகலாம். அதற்கும் மேலே ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது, பிரச்சினை எழுந்த இரண்டாண்டுக்குள் போக வேண்டும். ரசீது, தேதியோடு எடுத்த படங்கள், கடையோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு மூன்றும் கையில் இருந்தால் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிராது.

மாற்றிக் கொடுக்கும்போது, தருவது புத்தம்புதியதா, பழுதுபார்த்து மீண்டும் அனுப்பியதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வாரண்டியின்கீழ் வருவது பல சமயம் இரண்டாவது வகை. கடைக் கவுண்டரிலேயே மின்சாரம் கொடுத்து ஒரு கறுப்புத் திரை, ஒரு வெள்ளைத் திரையாவது போட்டுக் காட்டச் சொல்லுங்கள், சீரியல் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றி வந்ததிலும் அதே குறை அதே இடத்தில் இருந்தால் மூன்றாவது ஒன்றுக்கு நான் அலைய மாட்டேன். அது அந்த மாடலின் வடிவமைப்பிலோ, கடைக்கு வந்த அந்த லாட் முழுவதிலுமோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டு, வேறு பேனல் உள்ள மாடலைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.